தோட்டத்து அரிசியும் கூப்பன் மாவும்: மலையக உணவு வரலாற்றில் சீலியாக் நோய்

ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா, நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் விடியற்காலையில் லயத்து அடுப்பில் வேகுவது பெரும்பாலும் கோதுமை மா ரொட்டிதான். அதற்குத் தொட்டுக்கொள்ள ஒரு சம்பல், குடிக்கத் தேத்தண்ணி. இலங்கையின் வீட்டு வருமான, செலவின ஆய்வுகள் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரித்துக் கணக்கெடுக்கின்றன. அவற்றில் கோதுமை மா நுகர்வில் தோட்டப் பிரிவே முன்னிற்கிறது. ஆனால் இம்மக்களின் முன்னோர் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து வந்தவர்கள். சோறும் கஞ்சியும் கேழ்வரகுக் கூழும் உண்டவர்கள். அவர்களுடைய பிள்ளைகளின் தட்டுக்குக் கோதுமை வந்து சேர்ந்த வழியையும், அந்தக் கோதுமையை உடல் ஏற்காதவர்களுக்கு இந்த மலையில் நேர்வதையும் ஒரே வரலாறாகப் படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கோதுமை, வாற்கோதுமை, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதத் தொகுதி இருக்கிறது. பிறப்பிலேயே அதற்கு ஏதுவான மரபணு உடைய சிலருக்கு, குளூட்டன் உள்ளே சென்றதும் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. இதுவே சீலியாக் நோய். உணவின் சத்தை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்து தட்டையாகின்றன. இரும்பு, போலிக் அமிலம், கல்சியம், கொழுப்பு எதுவும் சரியாக உடலில் சேர்வதில்லை. பிள்ளைகளிடம் இது நாட்பட்ட வயிற்றோட்டமாக, ஊதிய வயிறாக, வளராத உயரமாகத் தெரியும். பெரியவர்களிடம் பல வேளைகளில் வயிற்றுக் குறி எதுவுமே இருக்காது. மருந்துக்கு மசியாத இரத்தச்சோகை மட்டும் இருக்கும். இதற்கு மாத்திரை இல்லை. குளூட்டனை வாழ்நாள் முழுவதும் விலக்கினால் பெரும்பாலானவர்களின் குடல் தேறிவிடும்.

அரிசியின் காலம்

கோப்பித் தோட்டக் காலத்திலிருந்தே தொழிலாளியின் கூலியும் அரிசியும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடந்தன. தென்னிந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் இறக்குமதியான அரிசியைத் தோட்ட நிர்வாகம் மொத்தமாக வாங்கி, ஆளுக்கு ஆள் அளந்து கொடுத்து, செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் கழித்துக்கொள்ளும். ரயில் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. அதன் பிறகு தேயிலை இறங்கிய பாதையிலேயே அரிசி மூட்டைகள் ஏறின. குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்க 1927இல் வந்த 27ஆம் இலக்கச் சட்டமும் தோட்டத்தில் வழங்கும் அரிசியின் விலையைக் கூலியோடு சேர்த்தே ஒழுங்குபடுத்தியது. அக்காலத்து அரிசியின் தரம், அளவில் நடந்த மோசடி, பெரிய கங்காணியின் கடன் பிடி எல்லாம் தனித்தனியே எழுத வேண்டியவை. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஏறக்குறைய நூறு ஆண்டுகள் தோட்டத்தின் தானியம் அரிசியாகவே இருந்தது. அது எந்தத் தானியமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை சமைப்பவளிடம் இருக்கவில்லை.

அந்நாளில் தோட்டத்து உடல் மெலிவுக்கும் வெளிறலுக்கும் காரணமாக அடையாளம் காணப்பட்டது கொக்கிப்புழு. ரொக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916 முதல் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை நடத்தியது. காரணம் மெய்யானது, இயக்கமும் தேவையானது. ஆனால் தோட்டத்து ஆளின் இரத்தச்சோகை என்றதும் புழு, வறுமை, அடுக்கடுத்த பிரசவம் என்ற மூன்றோடு விசாரணையை முடித்துக்கொள்ளும் பழக்கமும் அக்காலத்தில்தான் வேரூன்றியது என்று கருதுகிறேன். அதே மலையில் ஐரோப்பியத் துரைமாருக்கு வந்த நாட்பட்ட வயிற்றோட்டமும் வாய்ப்புண்ணும் ‘சிலோன் வாய்ப்புண்’ என்ற பெயரோடு வெப்பமண்டல மருத்துவ நூல்களில் இடம்பெற்றன. பின்னாளில் அது வெப்பமண்டல ஸ்ப்ரூ என வகைப்படுத்தப்பட்டது. சீலியாக் போலவே குடலின் உறிஞ்சும் பரப்பை அழிப்பது அது. துரையின் குடலுக்குக் கிடைத்த அந்தத் தனிக்கவனம் லயத்துக் குடலுக்குக் கிடைக்கவில்லை.

ஒரே போர், எதிரெதிர்த் திசைகள்

1942இல் பர்மா ஜப்பானிடம் வீழ்ந்தது. இலங்கைக்கு அரிசி வந்த பெருவழி அடைபட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலேயே குண்டு விழுந்தது. அரிசி பங்கீட்டுக்கு உட்பட்டது. கூப்பனும் கூட்டுறவுக் கடையும் நாடெங்கும் பரவின. இல்லாத அரிசியின் இடத்தை நிரப்பியது கப்பலில் வந்த கோதுமை மா, குறிப்பாக அவுஸ்திரேலிய மா. கிராமத்தானுக்கு ஒரு துண்டு வயலோ, பலாமரமோ, மரவள்ளிப் பாத்தியோ இருந்தது. லயத்துக் காம்பராவில் இருந்தவருக்கு நிலம் இல்லை. கூப்பனுக்கு என்ன வருகிறதோ அதுதான் உணவு. அப்படித்தான் கோதுமை லயத்துக்குள் நுழைந்தது.

அதே போரின் மறு முனையில், நெதர்லாந்தில், நேர்மாறான ஒன்று நடந்துகொண்டிருந்தது. 1888இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ சீலியாக் நோயைத் தெளிவாக விவரித்து, குணம் உண்டென்றால் அது உணவால்தான் வரும் என்று எழுதியிருந்தார். ஆனால் எந்த உணவு என்பதில் அவர் கணிப்பு தவறியது: அரிசியையும் சவ்வரிசியையும் விலக்கச் சொன்னார், நன்றாக வாட்டிய ரொட்டியை அனுமதித்தார். டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லெம் கரெல் டிக்கே போருக்கு முன்பே கோதுமையைச் சந்தேகித்தவர். 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானிய முற்றுகையால் நாட்டில் பாண் இல்லாமல் போயிற்று. ஊரே பட்டினியில் வாட, அவருடைய சீலியாக் பிள்ளைகள் தேறினார்கள். பாண் திரும்பியதும் அவர்களுக்கு நோயும் திரும்பியது. 1950இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த ஆய்வேடு கோதுமையே காரணம் என்று நிறுவியது.

ஐரோப்பாவில் கோதுமை மறைந்ததால் ஒரு நோயின் காரணம் வெளிப்பட்டது. இலங்கை மலையில் அரிசி மறைந்ததால் அதே நோய்க்கான முதற்பொருள் ஒரு மக்கட்கூட்டத்தின் அன்றாட உணவாயிற்று. இரண்டும் சில ஆண்டு இடைவெளிக்குள் நடந்தவை. மலையக உணவு வரலாற்றில் 1942ஐ ஒரு பிரிகோடாகக் கொள்ளக் காரணம் இதுதான்.

போர் முடிந்த பின்னும் மா போகவில்லை. 1952இல் சீனாவுடன் செய்த இறப்பர்–அரிசி ஒப்பந்தமும் 1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தாலும் அரிசியை நாட்டு அரசியலின் நடுவே நிறுத்தின. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, வாக்கும் இழந்திருந்த தோட்ட மக்களுக்கு அந்த அரசியலில் குரல் இருக்கவில்லை. பிறகு வந்த 1973–74 பஞ்சம் மலையகம் இன்றும் மறக்காதது. இலவச அரிசி குறைக்கப்பட்டது, மா விலை ஏறியது, மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுசெல்லத் தடை இருந்தது. வயல் இல்லாத தோட்டங்களில் மக்கள் பட்டினியால் இறந்தார்கள். பஞ்சத்தைக் கண்ட ஒரு சமூகத்துக்கு மலிவாகக் கிடைக்கும் மா ஒரு பாதுகாப்பு. 1980இல் திருகோணமலையில் பிரீமா ஆலை அரைக்கத் தொடங்கியபோது அந்தப் பாதுகாப்பு நிலைபெற்றது.

விலை மட்டும் காரணமன்று. காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) ஓட வேண்டிய பெண்ணுக்குச் சோறும் கறியும் ஆக்க நேரமும் விறகும் வேண்டும். ரொட்டிக்கு மாவும் உப்பும் தண்ணீரும் ஒரு தட்டும் போதும். சுருட்டி எடுத்துப் போகலாம், மலைச்சரிவில் நின்றபடி தின்னலாம், பகல்வரை கெடாது. தேயிலைத் தொழிலின் நேரக் கணக்குக்குப் பொருந்திய உணவு அது.

இந்த வரலாறு முடிந்துவிடவில்லை என்பதற்கு 2022 ஜனவரியில் அரசு அறிவித்த நிவாரணமே சான்று. தோட்டக் குடும்பம் ஒன்றுக்கு மாதம் 15 கிலோ கோதுமை மா, கிலோ 80 ரூபாய் வீதம் என்றது அது. எண்பது ஆண்டு கழிந்த பின்னும் தோட்டத்துக்கான உதவி என்றால் அரசின் நினைவுக்கு வருவது மாதான். அதே ஆண்டில் மா விலை கிலோ 300 ரூபாயைத் தாண்டியது.

மரபணு ஒன்று, தட்டு வேறு

இந்தியாவில் சீலியாக் நீண்ட காலம் வடநாட்டு நோய் என்றே கருதப்பட்டது. வட இந்தியக் குழந்தைகளிடம் கண்ட நோயை 1966இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வாலியாவும் கூட்டாளிகளும் விவரித்தனர். தெற்கில் ஏன் அரிது என்ற கேள்விக்கு 2016இல் ஒரு தெளிவான விடை கிடைத்தது. பி.எஸ். ராமகிருஷ்ணா, ஜி.கே. மகாரியா உள்ளிட்டோர் இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்தனர். நோய் வடக்கில் 1.04 வீதம், தெற்கில் 0.10 வீதம். ஆனால் நோய்க்கு ஏதுவான எச்.எல்.ஏ. மரபணு வகைகள் வடக்கில் 38.1 வீதத்தினரிடமும் தெற்கில் 36.4 வீதத்தினரிடமும் இருந்தன. வேறுபாடு இரத்தத்தில் இல்லை, தட்டில் இருந்தது. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை உண்டார், தெற்கில் 25 கிராம்.

இந்த முடிவை மலையகத்தின் மேல் வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் கனம் தெரிகிறது. தென்னிந்திய மரபுவழியும் கோதுமைத் தட்டும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும் சமூகம் இது. 2012 குடிசன மதிப்பீட்டில் மலையகத் தமிழர் 8,39,504 பேர். தென்னிந்திய விகிதம் பொருந்துமானால் ஏறக்குறைய 840 பேருக்கு இந்நோய் இருக்கும். வட இந்திய விகிதம் பொருந்துமானால் 8,700 பேருக்கு. இவை கணிப்பின் இரு எல்லைகள்தாம். கீழ் எல்லையே ஆனாலும் அது நூற்றுக்கணக்கான மனிதர்.

அவர்கள் எங்கே மறைந்திருப்பார்கள் என்பதையும் ஊகிக்கலாம். 2016ஆம் ஆண்டுச் சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளவில் 17 வீதம், தோட்டங்களில் 32 வீதம் அளவு. இந்தப் பெருங்கூட்டத்துக்கு முதற்காரணம் வறுமையும் போஷாக்கின்மையும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மூன்றில் ஒரு பிள்ளை குட்டையாக இருக்கும் தோட்டத்தில், குடல் தேய்ந்ததால் குட்டையான பிள்ளையை எவரும் தனியே கவனிப்பதில்லை. புழு மருந்து, இரும்பு மாத்திரை, சத்துணவு எல்லாம் கொடுத்தும் தேறாத பிள்ளையின் தாயைப் பார்த்து ‘பிள்ளைக்கு ஒழுங்காகச் சாப்பாடு கொடு’ என்று சொல்வது பெரிய அநீதி. அவள் கொடுக்கும் சாப்பாடே ரொட்டியாக இருக்கலாம்.

தேறாத இரத்தச்சோகை, ஏறாத உயரம், நீங்காத வயிற்றோட்டம், மீண்டும் மீண்டும் கரு கலைதல் ஆகியவை உள்ளவர்களைத் தோட்ட டிஸ்பென்சரியிலிருந்து டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ அனுப்பும்போது, சீலியாக்கைக் கண்டறிய உதவும் டி.டி.ஜி. இரத்தப் பரிசோதனையையும் யோசிக்கச் சொல்லலாம். ஒரு எச்சரிக்கை மிக முக்கியம்: பரிசோதனைக்கு முன் ரொட்டியை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் நோய் இருந்தும் இரத்தத்தில் தெரியாமல் போகும். உறுதிப்படுத்தக் குடல் உட்காட்டிப் பரிசோதனை தேவைப்படலாம்.

குளூட்டன் இல்லாமல் லயத்தில் வாழ்வது

வெளிநாட்டில் இவ்வுணவுமுறைக்கென்று விலையுயர்ந்த பாணும் பிஸ்கட்டும் விற்கின்றன. மலையகத்தில் அவை தேவையே இல்லை. சோறு, குரக்கன், சோளம், மரவள்ளி, வற்றாளை, பலாக்காய், பயறு, கடலை, நுவரெலியாவின் உருளைக்கிழங்கு, தோட்டத்து மரக்கறி, முட்டை, கருவாடு, பால் எல்லாமே இயல்பில் குளூட்டன் அற்றவை. கேழ்வரகு இங்கே குரக்கன் என்ற பெயரில் கடையில் இருக்கிறது. பெருங்காயத் தூள் சேராவிட்டால் கோவில் பொங்கலும் சுண்டலும் பொதுவாகப் பயமின்றி உண்ணத் தக்கவை.

சிக்கல் மறைந்திருக்கும் கோதுமையில். இலங்கைச் சமையலில் இடியப்பம், பிட்டு, தோசை, ஆப்பம், முறுக்கு என்ற பெயர்களை நம்ப முடியாது. பல வீடுகளிலும் கடைகளிலும் அரிசி மாவோடு கோதுமை மா கலக்கிறார்கள். கூட்டுப் பெருங்காயத் தூளில் கோதுமை மா சேர்வதுண்டு. மோல்ட் பானங்கள் வாற்கோதுமையிலிருந்து வருபவை. தெம்புக்கென்று மெலிந்த பிள்ளைக்கு அவற்றையே வாங்கிக் கொடுக்கிறோம். சோயா சோஸிலும் சில சோயா மீற் பொதிகளிலும் கோதுமை உண்டு. குரக்கனை அரைக்கும் மில்லில் முந்திய ஆள் கோதுமை அரைத்திருந்தால் அந்த மாவும் ஆகாது. சர்வதேச விதி குளூட்டன் அற்ற உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டனை அனுமதிப்பதில்லை. மாவு படிந்த ரொட்டித் தட்டில் தோசை வார்த்தாலே அந்த அளவு கடந்துவிடலாம். ஒரு காம்பராவுக்குள் ஒரே அடுப்பில் சமைக்கும் குடும்பத்துக்குச் செய்யத்தக்கது, நோயாளிக்கென்று ஒரு தட்டும் ஒரு சட்டியும் ஒதுக்கி, வீட்டில் ரொட்டி சுடுவதற்கு முன்பே அவருடைய உணவை ஆக்கிவிடுவது.

வேலைக்குப் போகும் பெண்ணின் பகலுணவுதான் கடினமான இடம். முந்திய இரவு அவித்த மரவள்ளியோ வற்றாளையோ சம்பலோடு எடுத்துப் போகலாம். தானே சலித்து அரைப்பித்த குரக்கன் மாவில் ரொட்டி தட்டலாம். தேங்காய்ப்பூ சேர்த்துச் சுடுநீரில் பிசைந்தால் குரக்கன் ரொட்டி உடையாமல் மடியும். பிள்ளைக் காம்பராவில் விடப்படும் குழந்தைக்கு வீட்டிலிருந்து தனிச் சாப்பாடு போக வேண்டும். பிஸ்கட்டும் பணிஸும் ஏன் கொடுக்கக் கூடாது என்பதைப் பராமரிப்பாளருக்கு வைத்தியசாலை எழுத்தில் தர வேண்டும். நிவாரணம் மாவாக வரும் நாளில் நோய் உறுதியான குடும்பத்துக்கு அதே பெறுமதிக்கு அரிசி வழங்குவது பெரிய செலவல்ல. அதற்கு வேண்டியது வைத்தியரின் ஒரு கடிதமும் அதை ஏற்கும் ஒரு சுற்றறிக்கையும்.

உணவு மாறிய சில வாரங்களிலேயே பலருக்குப் பசியும் எடையும் திரும்பத் தொடங்கும். இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இறங்க மாதங்கள் ஆகும், குடல் முழுதும் ஆற அதைவிட நாளாகும். அதுவரை இரும்பும் கல்சியமும் விற்றமினும் தொடர வேண்டும். ஒருவருக்கு நோய் உறுதியானால் பெற்றோரையும் கூடப்பிறந்தவர்களையும் பரிசோதிக்க வேண்டும். அவர்களிடம் இந்நோய் பொதுமக்களைவிடப் பல மடங்கு அதிகம், குறி எதுவும் காட்டாமலும் இருக்கும். ஆகவே நோய் உறுதியான பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுவரும் தாயின் இரத்தத்தையும் அன்றே எடுத்துவிடுவது நல்லது. இன்னொரு நாள் வரச் சொன்னால் அவளுக்கு அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடும்.