கிணற்றுக் கடனும் காலக் கணக்கும்

சிங்காநல்லூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் ‘தோட்டம்’ என்றால் கிணற்றுப் பாசனமுள்ள பூமி, ‘காடு’ என்றால் வானம் பார்த்த பூமி என்பதை நம் சங்கத்து அன்பர்கள் யாவரும் அறிவர். நொய்யலாற்று நீரும் அதனால் நிரம்பும் குளங்களும் சில வயல்களுக்கே எட்டின. எஞ்சிய காட்டைத் தோட்டமாக்கியவை, நம் முன்னோர் பாறையை உடைத்துத் தோண்டிய கிணறுகளேயாம். அவர்தம் உழைப்பைப் புகழ்வோர் பலர். அவ்வுழைப்பிற்காக அவர்கள் பட்ட கடனைப் பேசுவோர் மிகச் சிலர். ஆதலின் இம்மாதம் அதனை எடுத்துக்கொண்டோம்.

‘ஒரு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய். வருஷத்திற்கு நூற்றுக்குப் பன்னிரண்டு. கேட்பதற்குச் சிறிதாகவே இருக்கும். ஒரு குடியானவர் இவ்வட்டிக்கு 1,000 ரூபாய் வாங்கிக் கிணறு வெட்டுவதாகவும், அதனால் வருஷம் 150 ரூபாய் அதிக வருமானம் கிடைப்பதாகவும் வைத்துக்கொள்வோம். வட்டி 120 தானே, 30 ரூபாய் மிஞ்சுமே என்று அவர் துணிவார். ஆனால் பாறை உடைந்து, ஊற்றுக் கண்டு, பயிர் ஏறுவதற்கு இரண்டு வருஷம் சென்றுவிடுகிறது. முதல் 150 ரூபாய் மூன்றாம் வருஷ முடிவில்தான் கைக்கு வரும். அதற்குள் வட்டி அசலோடு சேர்ந்து, இரண்டாம் வருஷ முடிவிலேயே கடன் 1,254 ரூபாய்க்கு மேலாகிறது. அதற்கு ஒரு வருஷ வட்டி 150 ரூபாய்க்குச் சற்று அதிகம்! கிணற்றில் நீர் குறைவில்லை, உழைப்பில் சோம்பலில்லை, ஆயினும் அக்கடன் எந்நாளும் தீராது. அதே கடன் நூற்றுக்கு ஆறு வட்டியில் கிடைத்திருப்பின், வருமானம் தொடங்கிய பதினோராம் வருஷத்தில் முற்றும் அடைந்திருக்கும். மூன்றாம் வருஷ முடிவில் வரும் 150 ரூபாய், ஒரு வட்டிக் கணக்கில், இன்று கையிலுள்ள 107 ரூபாய்க்கே சமம். இதனை அவருக்குச் சொல்வாரில்லை.

இத்துன்பத்தை அரசாங்கத்தார் அறியாமலில்லை. 1883-ல் நில அபிவிருத்திக் கடன் சட்டம் வந்தது. நம் ஜில்லாவின் வரலாற்று நூலை 1887-ல் வெளியிட்ட பிரெடெரிக் நிக்கல்சன் துரை, பின்னர் ஐரோப்பியக் கிராமக் கடன் சங்கங்களை ஆராய்ந்து விரிவான அறிக்கை தந்தார். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. ஆனால் அங்கத்தினர் விரைவில் திருப்பிக் கேட்கக்கூடிய டிபாசிட்டு பணத்தைப் பல வருஷம் கிணற்றில் முடக்குதல் எங்ஙனம் கூடும்? ஆகவே, கடன் பத்திரங்களால் நெடுங்காலப் பணம் திரட்டிக் கடன் கொடுக்க 1929-ல் சென்னையில் தோன்றிய மத்திய நில அடமான பாங்கியையே இவ்வரலாற்றில் பெரிய அடியாக நாம் கருதுகிறோம்.

அவ்வருஷமே உலகப் பொருளாதார மந்தமும் தொடங்கிற்று. பருத்தி, நிலக்கடலை விலைகள் சரிந்தன; புரோநோட்டில் எழுதிய தொகையோ சரியவில்லை. முன்னே ஒரு பொதி பருத்தி விற்றுக் கட்டிய வட்டிக்கு இப்போது அதனினும் மிகுதியாக விற்க வேண்டியதாயிற்று. ராஜாஜி மந்திரிசபை 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை இயற்றியது. 1932 அக்டோபருக்கு முன் ஏற்பட்ட கடனில், அசலைப்போல் இருமடங்கு செலுத்தியாயிருந்தால் கடன் முற்றும் தீர்ந்ததாயிற்று. கடன் கொடுத்தோர் பலர் இதனால் கசந்தனர். அவர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. அவர் பணமும் காத்திருந்த பணமே. எனினும், காத்திருப்பதற்குரிய கூலிக்கு ஓர் எல்லை வேண்டுமென்பதே நம் எண்ணம்.

இதற்கிடையில் 1930-களின் முற்பகுதியில் பைகாரா மின்சாரம் கோயமுத்தூருக்கு வந்தது. மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார் ஏறிற்று. கிணறு ஏற்கெனவே இருந்ததால், மோட்டாருக்குப் பட்ட கடன் அந்தப் பருவத்திலேயே பலன் தரத் தொடங்கிற்று. காத்திருக்கும் காலம் சுருங்கிற்று. சிங்காநல்லூர்ப் பக்கத்தில் வசந்தா, கம்போடியா முதலிய மில்கள் ஓடிய காலத்திலும் கணக்கு இதுவே. இயந்திரம் பெட்டியிலேயே கிடக்கும் மாதத்திற்கும், வாங்கிய பருத்தி கிடங்கில் உறங்கும் மாதத்திற்கும் வட்டி உறங்குவதில்லை.

இன்று ஆழ்குழாய்க் கிணறு சில நாளில் தோண்டப்படுகிறது. ஆனால் நம்மவருள் சிலர், வீட்டு நகையை ஒரு வருஷத் தவணைக்கு அடகு வைத்து, அந்நீரை நம்பித் தென்னை நடுகின்றனர். நெட்டைத் தென்னை காய்க்க ஆறு வருஷத்திற்குக் குறையாது. தவணையை வருஷந்தோறும் புதுப்பித்து, வட்டியையும் அசலில் சேர்த்துக்கொண்டே போனால், ஒரு வட்டியில் வாங்கிய 1,000 ரூபாய் முதற் காய் இறங்குமுன் ஏறக்குறைய 1,974 ரூபாயாக நிற்கும்.