மூன்றாம் வரிக்கு ஓர் உரை

மூலம்:
3. சிட்னி அல்லார்டு, டாம் கோல். அல்லார்டு ஜே2. கேடிலாக் வி8, 5.4 லிட்டர்.

1950 ஜூனில் பிரான்ஸில் நடந்த லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தின் முடிவுப் பட்டியலில், மூன்றாம் இடத்துக்கான விவரம் இவ்வளவுதான்.

'3': முதல் இரண்டு இடங்களையும் பிரான்ஸின் டால்போ கார்கள் எடுத்துக்கொண்டன. வென்ற லூயி ரோசியே ஓரிரு சுற்றுகளை மட்டும் மகனிடம் கொடுத்துவிட்டு மீதி நேரமெல்லாம் தானே ஓட்டியவர். அப்பேர்ப்பட்டவருக்குப் பின்னால் வந்ததில் குறைவொன்றுமில்லை.

'சிட்னி அல்லார்டு': ஓட்டியவர் பெயரும் காரின் பெயரும் ஒன்றாக இருப்பது அச்சுப் பிழை அல்ல. லண்டனில் ஃபோர்டு கார் விற்றுக்கொண்டிருந்தவர், ஃபோர்டு பாகங்களைக் கொண்டே மலைச்சரிவுப் போட்டிகளுக்கு வண்டி கட்டத் தொடங்கி, இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சொந்தக் கம்பெனி வைத்தார். பாதி வழியில் வண்டி மக்கர் செய்தால் திட்டுவதற்கு வேறு ஆள் இல்லை. 1952இல் மான்டி கார்லோ ராலியையும் தன் பெயர் போட்ட காரிலேயே வென்றார்.

'டாம் கோல்': வேல்ஸில் பிறந்து அமெரிக்காவில் பந்தயம் ஓட்டியவர். மூன்று ஆண்டு கழித்து இதே லெ மானில் ஃபெராரி ஓட்டும்போது விபத்தில் இறந்தார்.

'அல்லார்டு ஜே2': மொத்தம் 90 கார்கள்தான் செய்தார்கள். எஃகுச் சட்டம், அதன்மேல் மெல்லிய அலுமினியக் கூடு, முன்சக்கரங்களுக்குத் தனித்தனி மட்கார்டு. முன் அச்சில்தான் வேடிக்கை. ஒரே துண்டான ஃபோர்டு அச்சை நடுவில் வெட்டி, இரு பாதிகளையும் நடுவில் கீல் வைத்து மாட்டியிருப்பார்கள். சக்கரம் மேடேறி இறங்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் சாயும். நேரே எதிரில் நின்று பார்த்தால், இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் கோணலாக ஆடுவது தெரியும். அழகான தீர்வு என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் மலிவு, கையில் இருந்த சாமான்.

'கேடிலாக் வி8': பிரிட்டிஷ் காருக்கு அமெரிக்க என்ஜின் ஏன்? பிரிட்டனில் பல ஆண்டுகளாகக் கார் வரியை என்ஜின் சிலிண்டரின் விட்டத்தைக் கொண்டே கணக்கிட்டார்கள். அதனால் கம்பெனிகள் ஒடுங்கிய சிலிண்டர் என்ஜின்களாகவே செய்து பழகிவிட்டன. பெரிய, மலிவான, உறுதியான என்ஜின் வேண்டுமென்றால் அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும். போருக்குப் பின் அதற்கும் தடை: நாட்டில் டாலர் பஞ்சம், ஏற்றுமதி செய்தாலே பிழைப்பு. எனவே ஜே2 கார்கள் பலவற்றை என்ஜினே இல்லாமல் கப்பலேற்றினார்கள். வாங்கிய அமெரிக்கர் அங்கேயே என்ஜினைப் பொருத்திக்கொண்டார்.

1949இல் வந்த இந்த என்ஜினுக்கு 160 குதிரைத்திறன். கேடிலாக் அதைச் செய்தது கனத்த சொகுசுக் கார்களுக்காக. ஒரு டன் அளவே இருந்த ஜே2வில் வைத்ததும் குணமே மாறிப்போனது.

'5.4 லிட்டர்': உரை எழுதுபவன் அதிகம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. பந்தயத்தின் நடுவே அல்லார்டின் கியர்பாக்ஸில் கீழ் கியர்கள் போய்விட்டன. மிச்சம் இருந்தது டாப் கியர் மட்டும். சின்ன என்ஜின் என்றால் கூர்மையான வளைவிலிருந்து வெளியே வரும்போது திணறி நின்றிருக்கும். இங்கே கொள்ளளவு கைகொடுத்தது. நம் மெக்கானிக்குகள் 'புல்லிங்' என்று சொல்வது இதைத்தான். டாப் கியரிலேயே இழுத்துக்கொண்டு வந்து மூன்றாம் இடத்தில் முடித்தார்கள்.

அப்படியானால் புகழ் முழுவதும் என்ஜினுக்கா? பட்டியலில் இன்னும் கீழே பார்க்க வேண்டும். அமெரிக்கரான பிரிக்ஸ் கன்னிங்ஹாம் அதே பந்தயத்துக்கு இரண்டு கேடிலாக் கார்களைக் கொண்டுவந்தார். ஒன்று கடையில் விற்ற கூப்பே. மற்றது புதுக் கூடு போட்டது, பிரெஞ்சுக்காரர்கள் 'பூதம்' என்று பெயர் வைத்தது. அதே வகை என்ஜின்தான். வந்தது 10ஆம், 11ஆம் இடம். கனமும் கூடும் எவ்வளவு தின்றன என்பதற்கு அளவுகோலாக அந்த இரண்டு எண்களையும் கொள்ளலாம்.

அடுத்த வரியையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த வரி முழுதாக விளங்கும். நாலாவது வந்தது நாஷ்-ஹீலி. அதுவும் பிரிட்டிஷ் கார், அமெரிக்க என்ஜின். அதைச் செய்த டொனால்டு ஹீலி முதலில் தேடிப்போனது கேடிலாக் என்ஜினைத்தான். அந்தப் பயணத்தில் கப்பலில் நாஷ் கம்பெனித் தலைவர் ஜார்ஜ் மேசனின் பழக்கம் கிடைத்தது. கேடிலாக் என்ஜின் கிடைக்கவில்லை. மேசன் தருவதாகச் சொன்ன ஆறு சிலிண்டர் நாஷ் என்ஜினை ஏற்றுக்கொண்டார் ஹீலி.