கல்வாரி: நமது முதல் நீர்மூழ்கிக் கப்பலின் ஊழியக் கதை

"கல்வாரியைப் பற்றிச் சங்க மலருக்கு ஒரு கட்டுரை எழுதப் போறேன்" என்று வண்டிப்பெரியார் கடைவீதியில் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "கட்டப்பனைக்கு அந்தப் பக்கம் கால்வரி மவுண்ட் இருக்கே, அதுதானே நயினாரே? அங்க நின்னா இடுக்கி அணைத் தண்ணி நல்லாத் தெரியும்" என்றார் அவர். நான் சொல்ல வந்தது மலையை அல்ல. கடலுக்கு அடியில் ஓடிய கப்பலை. கல்வாரி என்றால் மலையாளத்தில் ஆழ்கடலில் வாழும் புலிச்சுறா என்று கடற்படையார் பொருள் சொல்கிறார்கள். இந்தியாவின் முதல் நீர்மூழ்கிக் கப்பலுக்கு நாம் பிழைக்க வந்த நாட்டின் மொழியிலேயே பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் முதல் தலைவரின் பெயரோ நமக்குப் பழக்கமான பெயர்: கமாண்டர் கே.எஸ். சுப்பிரமணியன்.

கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட சமண மரபில் பிறந்தவன், போர்க்கப்பலைப் பற்றி ஏன் எழுதுகிறான் என்று வாசகர்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. கட்டுரையின் முடிவில் சொல்கிறேன்.

கப்பல் வந்த வழி

1965 போரின்போது பாகிஸ்தானிடம் காஜி என்ற நீர்மூழ்கி இருந்தது. அது அமெரிக்காவிடம் குத்தகைக்கு வாங்கியது. நம்மிடமோ ஒன்றுகூட இல்லை. 1960-களின் தொடக்கத்திலேயே நம் மாலுமிகள் இங்கிலாந்து போய்ப் பயிற்சி பெற்றிருந்தார்கள். ஆனால் கப்பலைத் தவணைக் கடனில் கொடுக்க பிரிட்டன் முன்வரவில்லை. தொழில் தெரிந்த ஆள் இருக்கிறான், தராசு வாங்கப் பணம் இல்லை என்கிற நிலைதான். 1965-ல் சோவியத் நாட்டுடன் நான்கு கப்பல்களுக்கு ஒப்பந்தம் ஆயிற்று. கிழக்குக் கோடியில் உள்ள விளாடிவாஸ்டாக் துறைமுகத்தில் நம்மவர்கள் பயிற்சி பெற்றார்கள்.

1967 டிசம்பர் 8-ந் தேதி, இன்று லாட்வியா நாட்டில் உள்ள ரீகா துறைமுகத்தில் கல்வாரி நமது கடற்படையில் சேர்க்கப்பட்டது. இன்றும் டிசம்பர் 8 நீர்மூழ்கி நாளாகக் கொண்டாடப்படுகிறது. சரி, கப்பலை ஊருக்குக் கொண்டுவர வேண்டுமே? 1967-ல் மூண்ட அரபு-இஸ்ரேல் போரால் சூயஸ் கால்வாய் அடைபட்டுக் கிடந்தது. எனவே ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்தார்கள். 1968 ஏப்ரலில் கிளம்பிய கப்பல் ஜூலையில்தான் விசாகப்பட்டினம் சேர்ந்தது.

தண்ணீரின் பாரம்

சில ஆண்டுகளுக்கு முன் விசாகப்பட்டினம் போயிருந்தபோது, கடற்கரையில் 2002 முதல் காட்சிக்கூடமாக இருக்கும் குர்சுரா கப்பலுக்குள் ஏறிப் பார்த்தேன். அது கல்வாரியின் தங்கை. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. 91 மீட்டர் நீளம். உள்ளே போனால் ஒரு நீண்ட இரும்புக் குழாய்தான். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வட்டமான துவாரத்தில் தலையையும் காலையும் மடக்கி நுழைய வேண்டும். முன்னால் 6, பின்னால் 4 என டார்பிடோ ஏவும் குழாய்கள். டார்பிடோக்களின் பக்கத்திலேயே படுக்கைகள். சுமார் 75 பேர் இதற்குள் வாரக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். குளிக்கத் தண்ணீர் கிடையாதென்றே சொல்லலாம். மேலே வரும்போது டீசல் எஞ்சின் ஓடும். பாட்டரிக்கு மின்சாரம் ஏறும். முழுக்க மூழ்கிய பிறகு அந்த பாட்டரிதான் கதி.

பெரியாற்றங்கரையில் இருக்கும் நமக்குத் தண்ணீரின் பலம் தெரியும். ஆயினும் ஒரு கணக்குச் சொல்கிறேன். 10 மீட்டர் ஆழத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ பாரம் கூடும். 100 மீட்டர் ஆழத்தில், நம் உள்ளங்கையைச் சற்று விரித்தது போன்ற 10-க்கு 10 சென்டிமீட்டர் இடத்தில் 1 டன் அழுத்தும். அதாவது 50 கிலோ மூட்டை இருபது! கல்வாரி அதைவிட ஆழமாகவும் போகக்கூடியது.

போரும் கல்வாரியும்

1971 போரில் கரஞ்சும் குர்சுராவும் மேற்கே அரபிக்கடலிலும், கந்தேரி கிழக்கே வங்கக்கடலிலும் ரோந்து போயின. மூத்தவளான கல்வாரி அப்போது பழுதுபார்ப்பில் இருந்தது, போருக்குப் போகவில்லை. அந்தப் போரில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஜி மூழ்கியதில் 90-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். டிசம்பர் 9-ந் தேதி பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி நமது குக்ரியைத் தாக்கியதில், கப்பல் தலைவர் மகேந்திரநாத் முல்லாவையும் சேர்த்து 194 பேர் உயிர் நீத்தனர். இரு பக்கமும் கடலுக்குள் போனவர்கள் தாய் பெற்ற பிள்ளைகளே.

1996-ல் கல்வாரி ஓய்வு பெற்றது. 28 ஆண்டு ஊழியம். எதிரிக் கப்பல் எதையும் அது மூழ்கடித்ததாகப் பதிவு இல்லை. அப்படியென்றால் அது சும்மா இருந்ததா? இல்லை. அதன் பிறகு கந்தேரி, கரஞ்ச், குர்சுரா வந்தன. 1973, 1974-ல் மேலும் நான்கு வந்தன. நம் நாட்டில் இந்தத் தொழில் வேர்விட்டது முதன்முதல் கல்வாரியில்தான். மும்பையில் கட்டி 2017 டிசம்பர் 14-ந் தேதி கடற்படையில் சேர்த்த புதிய நீர்மூழ்கிக்கும் கல்வாரி என்றே பெயர் வைத்தார்கள்.

முடிவுரை

நான் முன்பு சொன்ன காரணம் இதுதான். யாரையும் கொல்லாமல், அடுத்தவர்க்கு வழிகாட்டியே காலம் கழித்த ஒரு போர்க்கப்பலை என்னால் மனமார வணங்க முடிகிறது. முதலில் வருகிறவர்களின் பங்கு இப்படித்தான். கம்பம் பக்கமிருந்து மலையேறி வந்து, அட்டைக்கடியிலும் பனியிலும் தேயிலைக்காட்டைத் திருத்திய நம் முன்னோரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் ஜெயித்த கதை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் போட்ட பாதையில்தான் நாம் நடக்கிறோம், கடை வைத்திருக்கிறோம், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம்.

கப்பலுக்காவது பழைய பெயரைப் புதியதற்கு வைத்து நினைவைக் காப்பாற்றுகிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? உங்கள் வீட்டில் முதலில் மலையேறி வந்தவர் யார், எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில் வந்தார் என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.