ஸ்தவாங்கரில் பிறந்த ஆன்னே

தம்பி தங்கைகளே, முதலுதவிப் பாடத்தில் நெஞ்சை அமுக்கிப் பழகும் ஆன்னே பொம்மை ஸ்தவாங்கரில் பிறந்தவள். அங்கே சிறுவர் பொம்மைகள் செய்தவர் ஒஸ்முண்ட் லேர்டால். 1950களில் தண்ணீரில் மூழ்கிய தன் சின்ன மகனை மயிரிழையில் காப்பாற்றிய தகப்பன். வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுப்பதைச் சனங்களுக்குப் பழக்க, மயக்கமருந்து வைத்தியர் பியோர்ன் லிண்டோடு சேர்ந்து ஆளுயரப் பொம்மை ஒன்றைச் செய்தார். அது 1960இல் வெளிவந்தது. முகம், பாரிஸின் சென் ஆற்றில் இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத பெண்ணுடையது. (பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.) அதே ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் ஆராய்ச்சியாளர்கள் நெஞ்சை அமுக்கும் முறையை எழுதி வெளியிட்டார்கள், பிறகு ஆன்னேயின் நெஞ்சுக்குள்ளும் ஸ்பிரிங் வைத்தார்கள்.

வைத்தியசாலையில் நாங்கள் ஷொக் கொடுக்கிறோம், அட்ரினலின் ஏற்றுகிறோம். ஆனால் கையில் ஏற்றிய மருந்து நின்றுபோன இருதயத்துக்குத் தானாகப் போய்ச் சேராது. ஒருவர் விடாமல் நெஞ்சை அமுக்கினால்தான் இரத்தம் அதைக் கொண்டுபோகும். மூளையோ சில நிமிடங்கள்தான் பொறுக்கும். ஸ்டோவ்னர் மாடிவீட்டுக்கு அம்புலன்ஸ் ஏறி வரும்வரை இருப்பது வீட்டுக்காரரின் கைகள்தான்.

1990இல் ஸ்தவாங்கர் அருகே பழைய உட்ஸ்டைன் மடத்தில் பல நாட்டு வைத்தியர்கள் கூடி, இருதயம் நின்றவர்களின் விவரங்களை எங்கும் ஒரேவிதமாகப் பதிய வழி வகுத்தார்கள். அதில் ஒரு கேள்வி: அம்புலன்ஸ் வருமுன் பக்கத்தில் இருந்தவர் யாராவது நெஞ்சை அமுக்கத் தொடங்கினாரா?