கெயிட்டி அரங்கம், சிம்லா

இமாச்சலப் பிரதேசத் தலைநகர் சிம்லாவின் மால் சாலையில் உள்ள நாடக அரங்கம். விக்டோரியா அரசி அரியணையேறிய பொன்விழா ஆண்டான 1887-இல், மே 30 அன்று திறக்கப்பட்டது. இந்தியாவில் இன்றும் நாடகம் நடக்கும் மிகப் பழைய அரங்குகளுள் ஒன்று.

சிம்லா 1864 முதல் ஆங்கிலேய ஆட்சியின் கோடைத் தலைநகர். வெயில் ஏறத் தொடங்கியதும் வைஸ்ராயும் அதிகாரிகளும் கோப்புக் கட்டுகளோடு மலையேறிவிடுவார்கள். மாலை வேளைகளை நடனமும் நாடகமும் நிறைத்தன. அத்தகைய ஊருக்குக் கட்டிய நகர மண்டபத்தின் ஒரு பகுதிதான் கெயிட்டி. நடனக்கூடம், மதுக்கூடம், ஆயுதக் கிடங்கு, காவல் நிலையம் எல்லாம் அதே கட்டடத்தில் அடங்கியிருந்தன. வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். சிம்லாவின் வைஸ்ராய் மாளிகையும் (1888) அவர் கைவண்ணமே. பிறகு அவர் சென்னைக்கு வந்தார். உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்களையும் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்திலுள்ள தேசியக் கலைக்கூடத்தையும் பார்த்தவர்களுக்கு அவர் கை பழக்கமானதுதான். ஆனால் சென்னையில் இந்தோ-சாரசனிக் பாணியைக் கையாண்ட அவர், சிம்லா மண்டபத்தைச் சாம்பல் நிறக் கல்லில், கூர்வளைவுகள் கொண்ட கோதிக் பாணியில் எழுப்பினார்.

அந்தக் கல்லின் எடைதான் கட்டடத்துக்குச் சோதனையானது. மலைச்சரிவில் அத்தனை மாடிகளும் நிலைக்காது என்று தெரிந்ததால் 1911-12 வாக்கில் மேல்தளங்கள் இடிக்கப்பட்டன. நடனக்கூடம் போயிற்று; கீழ்த்தளத்தில் இருந்த நாடக அரங்கம் தப்பியது. இன்று நாம் பார்ப்பது, தலை வெட்டப்பட்ட ஒரு மாளிகையின் மிச்சம்.

உள்ளே குதிரை லாட வடிவில் இருக்கைகள், அவற்றைச் சுற்றி மாடங்கள். ஏறத்தாழ 300 பேர்தான் அமரலாம். அந்தச் சிறுமைதான் இதன் பெரும்பலம். ஒலிபெருக்கியின் துணையின்றி, தாழ்ந்த குரலில் பேசும் வசனமும் கடைசி வரிசைவரை கேட்கிறது.

தொடக்கத்தில் மேடையை ஆண்டவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர். ஆங்கிலேய அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தினரும் சேர்ந்த அமெச்சூர் நாடகக் கழகத்தினர். அரங்கம் திறந்த ஆண்டிலேயே இளம் பத்திரிகையாளர் ருட்யார்ட் கிப்ளிங் இங்கு நடித்தார். சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன்-பவலும் இந்த மேடையேறியவர். காலப்போக்கில் மேடை இந்தியர் வசமானது. பிருத்விராஜ் கபூர் இங்கு நாடகம் நடத்தினார். சிம்லா வட்டாரத்திலிருந்தே புறப்பட்ட மனோகர் சிங், அனுபம் கேர் ஆகியோரும் இங்கு நடித்துள்ளனர். கெயிட்டியின் வரலாற்றைக் கிப்ளிங்கோடு முடித்துவிடும் வழக்கம் இவர்களுக்கு இழைக்கும் அநீதி.

பழுதடைந்திருந்த அரங்கத்தை, மும்பை பிருத்வி தியேட்டரை வடிவமைத்த வேத் சேகன் பல ஆண்டுகள் உழைத்துச் சீரமைத்தார். 2009-இல் மீண்டும் திறக்கப்பட்ட வளாகத்தை மாநில மொழி, பண்பாட்டுத் துறை நடத்துகிறது. ஓவியக் காட்சிக்கூடமும் பல்நோக்குக் கூடமும் இதனுடன் இணைந்துள்ளன. உள்ளூர் நாடகக் குழுக்கள் தொடர்ந்து மேடையேறுகின்றன.