ஊரா, காலனியா?

வட மாவட்டங்களில் ஒருவரிடம் சாதி கேட்பதற்கு இரண்டு சொல் போதும்: "நீங்க ஊரா, காலனியா?" கேட்டவர் சாதி கேட்டதாக ஒத்துக்கொள்ள மாட்டார். விலாசம்தானே கேட்டேன் என்பார். இதில் 'ஊர்' தமிழ்ச்சொல், 'காலனி' ஆங்கிலச்சொல். சாதி இந்துவுக்குத் தமிழ், நமக்கு இங்கிலீஷ் என்று பாகப்பிரிவினை நடந்திருக்கிறது. பேருந்துக்கும் பேனாவுக்கும் தமிழ்ப்பெயர் தேடியவர்கள் இந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடி நான் பார்த்ததில்லை.

சொல்லின் பூர்வீகம் லத்தீன். 'கோலெரே' என்றால் நிலத்தைப் பண்படுத்துவது. 'கொலோனுஸ்' என்றால் உழவன். 'கொலோனியா' அவனை உட்காரவைத்த குடியிருப்பு. ரோமாபுரி தான் பிடித்த நாடுகளில், போர் முடிந்து ஓய்ந்த சிப்பாய்களுக்கு நிலம் அளந்து கொடுத்தது. ஜெர்மனியின் கொலோன் நகரம் கி.பி. 50-இல் அப்படி ஆனதுதான், பெயரே சாட்சி. இங்கிலாந்தின் லிங்கனும் ஒரு ரோமக் கொலோனியா. ஒருவனுக்கு நிலம் அளக்கும்போது இன்னொருவன் அங்கிருந்து கிளப்பப்பட்டிருப்பான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கொலோனுஸ் பிற்பாடு என்ன ஆனான் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பேரரசு தளர்ந்த காலத்தில் அவன் பெரும்பண்ணைகளின் குத்தகைக்காரனாகி, மண்ணோடு கட்டப்பட்டான். ஓடிப்போக நினைக்கிற கொலோனுஸை அடிமையைப் போல் சங்கிலியில் போடலாம் என்று கி.பி. 332-இல் கான்ஸ்டன்டைன் சட்டம் போட்டான். தஞ்சாவூர்ப் பண்ணையாள் கதையைக் கேட்டவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது.

வெள்ளைக்காரன் கைக்கு வந்ததும் சொல் கப்பலேறியது. அமெரிக்கக் கரையின் 13 காலனிகள் 1776-இல் அறுத்துக்கொண்டு போயின. 1788-இல் ஆஸ்திரேலியாவில் கைதிகளுக்கான காலனி. 1802-இல் இலங்கை முடியரசின் காலனி. தொழுநோயாளிகளை ஒதுக்கிய இடமும் காலனி, எறும்புக் கூட்டமும் காலனி, பரிசோதனைச்சாலைக் கண்ணாடித் தட்டில் பெருகும் கிருமியும் காலனி. நோய், குற்றம், கிருமி. எதையெல்லாம் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டுமோ அதற்கெல்லாம் இந்தச் சொல் ஒத்துவந்திருக்கிறது.

இந்தியாவிலேயே அது பழைய உழவு அர்த்தத்தில் நடந்த இடம் பஞ்சாப். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆற்றுநீரை வாய்க்கால் வெட்டித் தரிசுக்குத் திருப்பி, லட்சக்கணக்கான ஏக்கரில் 'வாய்க்கால் காலனி'களை அரசு உண்டாக்கியது. நிலம் யாருக்கு? பெரும்பகுதி, 'வேளாண் சாதி' என்று அரசு முத்திரை குத்தியவர்களுக்கு. 1900-இல் வந்த நில உரிமை மாற்றச் சட்டம் அந்த முத்திரையைச் சட்டமாக்கியது. வயலில் இறங்கி வேலை செய்த தீண்டப்படாத மக்கள் அந்தப் பட்டியலில் இல்லை. காசு சேர்த்தாலும் காணி வாங்க முடியாது. உழவனுக்கான சொல்லில் உழுதவனுக்கு இடமில்லாமல் போனது.

நம் பக்கம் வருவோம். காலனிக்கு முன்னால் நமக்கிருந்த சொல் சேரி. அது எப்போதும் இழிவான சொல் அல்ல. சோழர்காலப் பிரமதேயங்களில் பிராமணர் குடியிருந்த பகுதிகளும் சேரிகள்தாம். ஆனால் ராஜராஜனின் பெரிய கோயில் கல்வெட்டு, வரியில்லா நிலங்களைக் கணக்கெடுக்கும்போது ஊர்நத்தம் வேறு, பறைச்சேரி வேறு என்று பிரிக்கிறது. தீண்டாச்சேரி என்றே ஒரு சொல்லும் வருகிறது. 'ஊரா, காலனியா' என்ற கேள்விக்கு வயது ஆயிரம். பிராமணர் தம் சேரியை அக்ரகாரமாக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சேரி நம்மிடம் தங்கிவிட்டது.

சேரி மனை நம்முடையதாகவும் இல்லை. மிராசுதார் நிலத்தில் குடிசை. கூலி கூடக் கேட்டால் குடிசையைப் பிரி. சென்னை மாகாண அரசு 1920 வாக்கில் தொழிலாளர் ஆணையரை வைத்துத் தாழ்த்தப்பட்டோருக்கு வீட்டுமனை கொடுக்கத் தொடங்கியது. 1971-இல் குடியிருப்புச் சட்டம், 1978-இல் அரிஜன நலத்துக்காக நிலம் கையகப்படுத்தும் சட்டம். 1978 சட்டத்தை எதிர்த்து நிலக்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். இப்படி மனைமனையாக வாங்கியதுதான் காலனி.

அதனால்தான் இந்தச் சொல்லை ஒரேயடியாகக் காறித் துப்ப எனக்கு மனம் வரவில்லை. எங்க ஆயா சொல்லும்: "சேரியில இருந்தப்ப ஆண்ட வூட்டுக்காரன் மண்ணு. காலனிக்கு வந்தப்புறந்தான்டா ராவுல கால நீட்டிப் படுத்தேன்." மூணு சென்ட். ஒரு அறை, மழைக்கு ஒழுகும் தளம். ஆனால் பட்டா அதன் பெயரில். உழுவதற்கு ஒரு குழி நிலம் கிடையாது, சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. கால் நீட்ட இடம் இருந்தது.

நகரத்தில் இதே சொல் மரியாதையாக வாழ்கிறது. பேங்க் காலனி, டீச்சர்ஸ் காலனி, டெல்லியில் டிஃபென்ஸ் காலனி. அங்கே முன்னால் ஓர் உத்தியோகம் நிற்கிறது. நமக்கு முன்னால் எதுவும் வேண்டாம், வெறும் காலனி போதும். (இலங்கை மலையகத்தில் ஆங்கில 'லைன்' இப்படித்தான் 'லயம்' ஆனது. கேட்க இசைபோல இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.)

எம்.ஏ. படிக்கும்போது கருத்தரங்கு ஒன்றில் பின்காலனியம் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். காலனி போய்விட்டதாம், அதன் பின்விளைவுகளைத்தான் ஆராய வேண்டுமாம். பக்கத்திலிருந்த நண்பன், "எங்க காலனி இன்னும் ஊருக்குப் பின்னாலதான்டா இருக்கு" என்றான். அமெரிக்கக் கறுப்பர்கள் அந்நாட்டுக்குள்ளேயே ஒரு காலனியாக வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று ஸ்டோக்லி கார்மைக்கேலும் சார்லஸ் ஹாமில்டனும் 1967-இல் எழுதினார்கள். அவர்கள் அதை வாதிட்டு நிறுவ வேண்டியிருந்தது. இங்கே பேருந்து நிறுத்தத்திலேயே எழுதிப் போட்டிருந்தது.

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனியும் பக்கத்துக் குடியிருப்புகளும் எரிக்கப்பட்டன. 200-க்கும் மேற்பட்ட வீடுகள். நத்தம் என்றாலும் குடியிருப்பு, காலனி என்றாலும் குடியிருப்பு. இரண்டு மொழியில் குடியிருப்பு என்று எழுதிவைத்தும் குடியிருக்க விடவில்லை. வெளியூர் போய் உழைத்துக் கட்டிய சுவர்களைத்தான் கண் பொறுக்காமல் கொளுத்தினார்கள்.

2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், அரசு ஆவணங்களிலிருந்தும் புழக்கத்திலிருந்தும் 'காலனி' நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான், வசவாகிப்போன சொல்லை ஏன் சுமக்க வேண்டும்? நகர் என்று பலகை மாட்டலாம். 'நீங்க ஊரா, நகரா?' என்று கேட்க ஊர்க்காரனுக்கு எத்தனை நாளாகும் என்பது வேறு விஷயம். என் கவலை பழைய காகிதங்கள். காலனி என்று எழுதிய பட்டாவிலும், நிலம் எடுத்த உத்தரவிலும், வழக்குக் கட்டுகளிலும்தான் நாம் மண் வாங்கிய வரலாறு இருக்கிறது. பெயர் மாறிய பிறகு அதைத் தேடி எடுப்பது சிரமம்.

ஆகவே தோழர்களே, உங்கள் காலனி எந்த வருஷம் வந்தது, யாருடைய நிலத்தில், யார் தடுத்தார்கள், யார் மனு எழுதினார்கள், முதல் வீட்டில் முதலில் அடுப்பு மூட்டியது யார் என்று கிழவிகள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி அனுப்புங்கள். பட்டா நகல் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.