சதுக்கத்தில் முட்டைக்கோஸ்

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த சரித்திரப் புத்தகத்தைப் புரட்டினாலும் ராஜா எத்தனை பேரை வெட்டினான் என்பதைவிட, அரண்மனைக் களஞ்சியத்தில் எத்தனை மூட்டை இருந்தது என்பதில்தான் கண் போய் நிற்கும். லெனின்கிராட் முற்றுகையைப் பற்றிப் படித்தபோதும் அப்படித்தான். பீரங்கி, டாங்கி, தளபதிகள் எல்லோரையும் தாண்டி, ஒரு ஸ்டாக் லிஸ்ட்டில் வந்து மாட்டிக்கொண்டேன்.

1941 செப்டம்பர் 12-ம் தேதி எடுத்த லிஸ்ட் அது. எடுத்தவர் திமித்ரி பாவ்லவ். உணவு விவகாரத்தைக் கவனிக்கச் சொல்லி மாஸ்கோவிலிருந்து அனுப்பப்பட்ட அதிகாரி. நான்கு நாள் முன்பு, செப்டம்பர் 8-ம் தேதி, ஜெர்மானியப் படை நகரத்துக்கு வரும் கடைசித் தரை வழியையும் அடைத்துவிட்டது. உள்ளே சிக்கிக்கொண்டவர்கள் சுமார் 25 லட்சம் பேர். அதில் நாலு லட்சம் குழந்தைகள். பாவ்லவ் ஒவ்வொரு கிட்டங்கியாக எண்ணிப் பார்த்து எழுதினார். தானியமும் மாவும் 35 நாளைக்கு வரும். இறைச்சி 33 நாள். கொழுப்பும் எண்ணெயும் 45 நாள். சர்க்கரையும் மிட்டாயும் 60 நாள்.

அவ்வளவுதான். முற்றுகை நீடித்ததோ 872 நாள்.

இந்த லிஸ்ட்டுக்கு முன்னால் ஒரு தீ விபத்தைப் பார்த்துவிட வேண்டும். லெனின்கிராட், அதாவது இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க், பட்டினியில் விழுந்ததற்கு அந்த ஊர்க்காரர்களே காலம்காலமாகச் சொல்லிவந்த காரணம் அதுதான். செப்டம்பர் 8-ம் தேதி மாலை பதாயெவ் கிட்டங்கிகள்மீது குண்டு விழுந்தது. ஒன்றையொன்று ஒட்டி நின்ற பழைய மரக் கட்டடங்கள். கேட்க வேண்டுமா? மணிக்கணக்கில் எரிந்தது. சர்க்கரை உருகிப் பாகாக ஓடி மண்ணில் இறங்கியது. பிற்பாடு, பசி முற்றிய நாட்களில், ஜனங்கள் அந்த மண்ணைத் தோண்டி எடுத்துவந்து, தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டிக் காய்ச்சிக் குடித்தார்கள். சந்தையில் அந்த மண்ணே விலைக்கு வந்தது. மேல் மண்ணுக்கு ஒரு விலை. அடி மண்ணுக்கு அதைவிடக் கம்மி.

'பதாயெவ் எரிந்தது, நாங்கள் பட்டினி கிடந்தோம்' என்பது அந்தத் தலைமுறையின் நம்பிக்கை. ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. பாவ்லவ் கணக்குப்படி அங்கே எரிந்தது 3,000 டன் மாவு, 2,500 டன் சர்க்கரை. அந்த சமயத்தில் நகரம் ஒரு நாளைக்குத் தின்ற மாவு 2,100 டன். ஆக, எரிந்த மாவு ஒன்றரை நாள் சாப்பாடு. அது எரியாமல் இருந்திருந்தால் பஞ்சம் ஒன்றரை நாள் தள்ளி வந்திருக்கும். சிக்கனம் வந்தபிறகு என்று வைத்துக்கொண்டாலும் ஆறு நாள். நகரம் பட்டினி கிடந்தது கிட்டங்கி எரிந்ததால் அல்ல. கிட்டங்கியில் முதலிலேயே ஒரு மாதத்துக்கு மேல் எதுவும் இல்லாததால்.

ஏன் இல்லை?

சோவியத் அமைச்சர் மிக்கோயான் தன் நினைவுக்குறிப்புகளில் இதற்கு ஒரு பதில் சொல்கிறார். யுத்தத்தின் ஆரம்ப வாரங்களில், மேற்கே எதிரி பிடித்துவிட்ட ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்த உணவு ரயில்களை அவர் லெனின்கிராடுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னாராம். நகரின் கட்சித் தலைவர் ழ்தானவ் ஸ்டாலினுக்கு போன் போட்டு, எங்கள் கிட்டங்கிகள் நிரம்பி வழிகின்றன, இதற்கு மேல் எங்கே வைப்பது என்று கேட்டாராம். ஸ்டாலின் ரயிலை நிறுத்தச் சொல்லிவிட்டார். மிக்கோயான் எழுதியது இது. ழ்தானவ் தன் பக்கத்தை எழுதிவைக்கவில்லை. அதனால் முழுப் பழியையும் அவர் தலையில் கட்ட எனக்குத் தயக்கம்தான். ஆனாலும், வைக்க இடமில்லை என்பதற்காகத் தானியத்தை வேண்டாம் என்று சொல்லக்கூடிய மனநிலை ஒரு அதிகாரியிடம் இருந்திருக்க முடியும் என்பதை நாம் நம்புவதற்கு ரஷ்யா வரை போகவேண்டியதில்லை.

அரசாங்கம் கிடக்கட்டும். வீடுகள்?

ரஷ்ய கிராமத்து வீட்டைப் பார்த்தால் நம் பாட்டி வீடு ஞாபகம் வரும். நம் வீட்டில் வெயிலை நம்பி வத்தலும் வடகமும் போட்டால், அங்கே வரப்போகும் பனியை நினைத்து முட்டைக்கோஸை உப்புப் போட்டுப் பீப்பாயில் அடைப்பார்கள். காளானைக் கோத்து உலர்த்துவார்கள். உருளைக்கிழங்கு தரைக்கடியில் நிலவறைக்குப் போய்விடும். அறுவடைக்கும் அடுத்த வசந்தத்துக்கும் நடுவில் ஆறேழு மாதம் பூமி எதுவும் தராது என்பது அவர்களுக்குப் பரம்பரைப் பாடம். ஆனால் லெனின்கிராடில் பெரும்பாலானோர் இருந்தது பொதுக் குடியிருப்பில். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. நாலைந்து குடும்பத்துக்கு ஒரே சமையலறை. நிலவறைக்கு எங்கே போவது? குளிர்காலத்தில் ஜன்னலின் இரட்டைக் கதவுகளுக்கு நடுவே இருக்கும் இடுக்குதான் ஃப்ரிட்ஜ். அங்கே ஒரு வெண்ணெய்ப் பொட்டலமும் கொஞ்சம் இறைச்சியும் வைக்கலாம்.

யுத்தம் தொடங்கிய 1941 ஜூன் 22 அன்றே கடைகளில் கூட்டம் முண்டியடித்தது. சர்க்கரை, வெண்ணெய், தீப்பெட்டி எல்லாம் பறந்தது. புரட்சியையும் உள்நாட்டுப் போரையும் அவற்றோடு வந்த பஞ்சத்தையும் பார்த்த பெரியவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஜூலை 6-ம் தேதி, பீதி கிளப்பும் வதந்தியைப் பரப்பினால் சிறை என்று ஒரு சட்டம் வந்தது. ஜூலை 18-ல் ரேஷன் கார்டு வந்தது. கார்டு இல்லாமல் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொள்ளும் கடைகளும் கூடவே திறந்திருந்தன. ஆக, ஜூலையும் ஆகஸ்டும் சட்டப்படியே சாமான் வாங்கிப் போட இரண்டு மாதம் இருந்தது. கையில் காசும், மனசில் துணிச்சலும் வேண்டும், அவ்வளவுதான். எதிரி நகரம் வரை வந்துவிடுவான் என்று வாயால் சொன்னாலே குற்றம் என்கிற ஊரில், ரொட்டியை நறுக்கி வெயிலில் காய வைத்தால் பக்கத்து அறைக்காரன் என்ன நினைப்பான்? முன்னெச்சரிக்கைக்கும் பதுக்கலுக்கும் நடுவே கோடு போடுவது எப்போதும் பக்கத்து அறைக்காரன்தான். செப்டம்பர் 1-ம் தேதி அந்தக் கடைகளும் மூடப்பட்டன.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். விலாவாரியாக எழுத மனசு வரவில்லை. ரொட்டி ரேஷன் ஐந்து முறை வெட்டப்பட்டது. நவம்பர் 20 முதல் தொழிலாளிக்கு 250 கிராம். ஆபீஸ் உத்தியோகஸ்தர், குழந்தைகள், வீட்டில் இருப்பவர்கள் எல்லோருக்கும் 125 கிராம். அதுவும் என்ன ரொட்டி? துறைமுகத்தில் கப்பல் அடுப்பில் எரிப்பதற்காகக் கிடந்த பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு 4,000 டன் கிடைத்தது. நாம் மாட்டுக்கு வைப்பதுதான். அதில் ஒரு விஷப்பொருள் உண்டு. அதிக சூட்டில் அது முறிந்துவிடுகிறது என்று கண்டுபிடித்ததும் அதையும் மாவில் கலந்தார்கள். மரத்திலிருந்து எடுத்த செல்லுலோஸும் கலந்தார்கள். வீடுகளில் தச்சர்கள் மரம் ஒட்டும் பசையைக் காய்ச்சி ஜெல்லியாக்கித் தின்றார்கள். தோல் பெல்ட்டை வேகவைத்தார்கள். லதோகா ஏரி உறைந்து, பனிமீது லாரி ஓட ஆரம்பித்து, டிசம்பர் 25-ல் ரேஷன் கொஞ்சம் கூடியது. ஆனால் உடம்பில் தெம்பு தீர்ந்துபோனவர்களுக்கு அது பிரயோஜனப்படவில்லை. மிகக் கொடுமையான சாவுகள் 1942 ஜனவரி, பிப்ரவரியில் விழுந்தவை. முற்றுகை முடியும்போது இறந்தவர்கள் எட்டிலிருந்து பத்து லட்சம் வரை என்று இன்றைய சரித்திர ஆசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

நகரின் நடுவே ஐசக் சதுக்கம். பிரம்மாண்டமான தேவாலயம். அதே சதுக்கத்தில் ஒரு பயிர் ஆராய்ச்சி நிறுவனம். அதன் தலைவர் நிக்கோலாய் வவிலோவ், உலகம் பூராவும் சுற்றி கோதுமை, நெல், சோளம், பயறு, உருளைக்கிழங்கு என்று வகைவகையாக விதை சேர்த்தவர். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள். அந்தக் காலத்தில் அதுபோல ஒரு விதைக் களஞ்சியம் வேறெங்கும் கிடையாது. வவிலோவ் அப்போது அங்கே இல்லை. ஸ்டாலினின் செல்லப்பிள்ளை லிசென்கோவின் போலி விஞ்ஞானத்தை எதிர்த்ததற்காக 1940 ஆகஸ்டிலேயே அவரைக் கைது செய்துவிட்டார்கள். பஞ்சமே வராமல் தடுக்க விதை சேர்த்த மனிதர், 1943 ஜனவரி 26-ம் தேதி சராதவ் சிறையில் பட்டினியால் நலிந்து செத்தார்.

அவருடைய ஊழியர்கள் விதைகளோடு இருந்தார்கள். கட்டடத்தில் சூடு இல்லை. விளக்கு இல்லை. எலிகள் தகர டப்பாக்களை அலமாரியிலிருந்து தள்ளிவிட்டுத் திறக்கப் பார்த்தன. இவர்கள் முறைவைத்துக் காவல் காத்தார்கள். நெல் பிரிவைக் கவனித்த இவானவ், சுற்றிலும் ஆயிரக்கணக்கான அரிசிப் பொட்டலங்கள் இருக்க, பட்டினியால் இறந்தார். நிலக்கடலைப் பிரிவு ஷூகின் தன் மேஜையிலேயே இறந்தார். இன்னும் பலர். நகருக்கு வெளியே இருந்த சோதனைப் பண்ணையில் ஜெர்மன்காரன் நெருங்கியபோது, குண்டுவீச்சுக்கு நடுவே உருளைக்கிழங்குகளைத் தோண்டி நகருக்குக் கொண்டுவந்து நிலவறையில் வைத்தார்கள். கிழங்கு உறைந்தால் செத்துவிடும். லெக்னோவிச், வஸ்க்ரெசென்ஸ்கயா என்ற இருவர் அந்தக் குளிர்காலம் முழுக்க விறகு பொறுக்கிவந்து, நாற்காலி மேஜையை எல்லாம் உடைத்து எரித்து, அதற்குச் சூடு காட்டினார்கள். கிழங்குக்குச் சூடு. இவர்கள் வயிற்றுக்கு 125 கிராம்.

இதை முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மனுஷன் சாகும்போது விதை என்ன விதை? பிறகு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரேஷன் அடிமட்டத்தில் இருந்தபோதுகூட நகரம் ஒரு நாளைக்கு 510 டன் மாவு தின்றது. மணிக்கு 21 டன். நிறுவனத்தில் தின்னக்கூடியதாக இருந்தது சில டன். அத்தனையையும் அரைத்து ரொட்டியாக்கியிருந்தால் ஊருக்கு அரை மணி நேரச் சாப்பாடு. ஊருக்கு அது ஒன்றுமேயில்லை. ஆனால் காவல் காத்த அந்தச் சிலருக்கு? ஒரு குளிர்காலம் முழுக்க உயிர். பெண்டாட்டி பிள்ளைகளோடு. ஒரு படி அரிசியை எடுத்துப் பொங்கியிருந்தால் யார் கண்டுபிடித்திருப்பார்கள்? எடுக்கவில்லை. நானாக இருந்தால் எடுத்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. நிலக்கடலையை முதலில்.

1942 வசந்தம் வந்தது. பனி உருகியது. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் பாதி வரை, நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் கடப்பாரையோடு தெருவுக்கு வந்து, குளிர்காலத்துக் குப்பையையும் பிணங்களையும் அகற்றி ஊரைச் சுத்தம் செய்தார்கள். கூடவே தோட்டம் போடச் சொல்லி உத்தரவு. இம்முறை பக்கத்து அறைக்காரன் என்ன நினைப்பான் என்ற கவலை யாருக்கும் இல்லை. அவனும் மண்வெட்டியோடுதான் நின்றான். கால் வைக்கிற இடமெல்லாம் பாத்தி. ஜார் மன்னர்கள் உலாவிய கோடைப் பூங்கா, அணிவகுப்பு மைதானம், ஆலை முற்றம், வீட்டுக் கொல்லை. ஹெர்மிடாஜ் மியூசியத்தில் மாடித் தோட்டம் ஒன்று உண்டு. அங்கே லைலாக் பூச்செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஊழியர்கள் கேரட்டும் பீட்ரூட்டும் கீரையும் விதைத்தார்கள். விதைத்தது முளைக்கும் வரை? தாவரவியல் நிபுணர்கள் எந்தக் களையைத் தின்னலாம், எப்படி சமைக்கலாம் என்று சிறு கையேடுகள் போட்டார்கள். பட்டால் அரிக்கும் காஞ்சொறி மாதிரியான செடி சூப்பாயிற்று. டேன்டிலியன் இலை பொரியல் மாதிரி ஆயிற்று. பைன் ஊசியிலையை ஊறவைத்த கசப்புத் தண்ணீர், வைட்டமின் சி-க்காக. இல்லாவிட்டால் பல் கொட்டிவிடும்.

நகரத்து ஜனங்களில் பலருக்கு அதுவரை மண்ணைத் தொட்டே பழக்கம் இல்லை. தோட்டம் போடுவது எப்படி என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் அந்த விதை நிறுவனத்து ஆட்களும் இருந்தார்கள். எலும்பும் தோலுமாக. நிலவறையில் சூடு காட்டிக் காப்பாற்றிய கிழங்குகளை ஊரைச் சுற்றி நட்டார்கள். அந்த வருஷம் பண்ணைகள், ஆலைத் தோட்டங்கள், தனித்தனிப் பாத்திகள் எல்லாவற்றிலுமாக 70,000 டன்னுக்கு மேல் காய்கறி விளைந்ததாக சோவியத் கணக்கு. பலர் இறந்து, பலர் ஏரி வழியாக வெளியேறிய பிறகு ஊரில் மிஞ்சியிருந்தவர்கள் சில லட்சம் பேர்தான். இரண்டாவது குளிர்காலம் முதல் குளிர்காலம் மாதிரி ஆகவில்லை.

ஐசக் சதுக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. தேவாலயத்துக்கு எதிரே முட்டைக்கோஸ். 1942-ல் எடுத்த போட்டோ ஒன்று இருக்கிறது. வரிசை வரிசையாக முட்டைக்கோஸ், குனிந்து நிற்கும் பெண்கள், பின்னால் ராட்சசத் தூண்கள், மேலே பெரிய கோபுரக் கவிகை. தங்க முலாம் பூசிய கவிகை அது. விமானத்திலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது என்று அப்போது அதற்குச் சாம்பல் நிற பெயிண்ட் அடித்திருந்தார்கள். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் தங்கமா சாம்பலா என்று பார்த்துச் சொல்ல முடியாது. முட்டைக்கோஸ் நன்றாகத் தெரிகிறது. நல்ல பருமன்.